ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. தேதி வேண்டுமா? 2012 ஜனவரி 11, புதன்கிழமை இரவு. இடம் வேண்டுமா? இஞ்சியோன் நகரம், பூப்யோங் பகுதி, பதினைந்து மாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடி, 907ஆம் எண் வீடு. நேரத்தைக்கூட நிமிடம் தவறாமல் சொல்வேன். அன்றைக்குக் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் பெயர் ஹேரிம். அப்போது எனக்குப் பதினைந்து வயது, தம்பி ஜிவானுக்குப் பன்னிரண்டு. குளிர்கால விடுமுறை. அப்பாவுக்கு உல்சானில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை, மாதத்துக்கு ஒரு முறை வருவார். அம்மாவுக்கு முதியோர் மருத்துவமனையில் இரவு வேலை. மாலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலை ஏழரைக்குத்தான் திரும்புவாள். இடையில் உள்ள பன்னிரண்டரை மணி நேரமும் ஜிவான் என் தலையில்தான்.

ஜிவானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆள் குச்சி, வாய் மட்டும் ஊருக்குப் பெரியது. நான் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பித் தருவான். என்னை 'அக்கா' என்று கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். மற்ற நேரத்தில் நான் பூசணி. சாப்பாட்டில் வெங்காயத்தாள் ஒரு துணுக்கு கிடந்தாலும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் வாயில் வைப்பான். எனக்கு அவனைக் கண்டால் எரிச்சல். அவன் இல்லாமல் வீட்டில் இருக்கவும் பிடிக்காது.

அவனுக்கு உயிர் 'ஏழாம் துறைமுகம்' என்ற கேம். கப்பல், கொள்ளை, கோட்டைச் சண்டை என்று ஊரில் பாதிப் பேர் ஒரே கடலில் கூடி விளையாடுவது. பழைய கேம், நான் பால்வாடிப் பிள்ளையாக இருந்தபோதே வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தது. பதினாறு வயது ஆகாதவர்கள் ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஆறு வரை எந்த இணைய கேமும் விளையாடக் கூடாது. நேரம் ஆனதும் தானாகத் துண்டித்துவிடும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லாம் இழவு விழுந்த மாதிரி அலைந்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள்... பெரியவர்களின் அடையாள எண்ணைப் போட்டு நுழைவது.

எங்கள் நாட்டில் ஆளுக்கொரு எண் உண்டு. பதின்மூன்று இலக்கம், பிறந்தது முதல் சாகும்வரை அதுதான். ஜிவான் முதலில் அம்மா எண்ணைப் போட்டான். உடனே அம்மா ஃபோனுக்குக் குறுஞ்செய்தி போய்விட்டது. மறுநாள் காலை காது சிவக்க வாங்கிக் கட்டிக்கொண்டான். அப்பா எண்ணைப் போட்டான். உல்சானிலிருந்தே திட்டு வந்தது.

அன்று இரவு 11:50. அவன் அறையிலிருந்து எச்சரிக்கை மணி கேட்டது. பத்து நிமிடத்தில் துண்டிக்கப்போகிறது என்று அர்த்தம். நான் தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயின் சூட்டுக்கு இதமாகப் போர்வைக்குள் படுத்து காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். ஜிவான் வந்து தலைமாட்டில் முட்டி போட்டான்.

"அக்கா... அழகான அக்கா..."

"என்ன வேணும்?"

"பன்னெண்டரைக்குக் கோட்டைச் சண்டை. நான் இல்லேன்னா எங்க குழு காலி."

"காலியாகட்டும். போய்ப் படு."

"ராட்சசி. கல்நெஞ்சுக்காரி. பூசணி."

"அழகான அக்கா எங்கடா போனா?"

பார்த்தால் நிஜமாகவே கண்ணில் தண்ணீர். இரண்டு வாரமாக அந்தச் சண்டைக்காக அவன் செத்துச் செத்துத் தயாரானது எனக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை. அங்கேதான் நான் தப்புச் செய்தேன். அவன் செய்யவில்லை, நான்தான் செய்தேன்.

அப்பாவின் மேசை இழுப்பறையில் ஒரு பழைய மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடந்தது. அப்போது வீட்டில் இருந்த எல்லோருடைய பெயரும் எண்ணும் அதில் இருக்கும். கடைசி வரியில் சாங்முக் சித்தப்பா, அப்பாவின் தம்பி. கம்ப்யூட்டர் இருக்கும் அந்த அறை ஒரு காலத்தில் அவருடையது. அவரும் இதே கேம்தான் விளையாடுவார். 2005 ஜனவரியில், பூப்யோங் கடைத்தெருவில் ஒரு கேம் கடையில் மூன்று பகல் மூன்று இரவு எழுந்திருக்காமல் விளையாடி, மேசையில் தலை சாய்த்தவர் அப்படியே போய்விட்டார். கடைக்காரர் தூங்குகிறார் என்று நினைத்துப் போர்வை போர்த்திவிட்டாராம். வயது இருபத்துநான்கு. கல்யாணம் ஆகாதவர் என்பதால் வருஷாவருஷம் திதி கொடுக்கும் வழக்கமும் இல்லை. வீட்டில் ஒரு படம் கிடையாது. யாரும் அவர் பேச்சை எடுப்பதும் இல்லை.

செத்தவர் ஃபோனுக்குக் குறுஞ்செய்தி போகாது. யாரும் காதைத் திருக மாட்டார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஒரு வாரம் பாத்திரம் நீதான் கழுவணும்," என்றேன்.

"ரெண்டு வாரம் கழுவறேன்!"

12:07. எண்ணைத் தட்டினான். இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது என்று வந்தது. இருக்கத்தானே செய்யும். கடவுச்சொல்லை மாற்ற அந்தக் காலத்தில் பெயரும் எண்ணும் போதும். மாற்றினான். 12:14க்கு உள்ளே நுழையப் பொத்தானை அழுத்தினான். நடுத்திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

'இந்தக் கணக்கு தற்போது பயன்பாட்டில் உள்ளது. அந்த இணைப்பைத் துண்டிக்கவா?'

"எவனோ சித்தப்பா கணக்குல விளையாடறான் பாரு. திருட்டுப் பய," என்றான் ஜிவான்.

"டேய், இருடா..."

"அவனைத் தூக்கி வெளியே எறியறேன்." 'ஆம்' என்பதை அழுத்திவிட்டான்.

திரை இருண்டது. ரொம்ப நேரம் இருட்டாகவே இருந்தது. முதலில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு படம் வந்தது. ஒரு நீளமான மரப்பாலம், கடலுக்குள் போய் முடிகிறது. அதன் நுனியில் எங்கள் ஆள் நின்றான், தொளதொளவென்று ஒரு சாம்பல் நிற அங்கியில்.

ஜிவான் சிரித்தான். "இந்த அங்கியெல்லாம் நான் ஒண்ணாவது படிக்கும்போதே நிறுத்திட்டாங்க."

"மூலையில என்னடா அது, ஏதோ எண்?"

"போன தடவை எவ்வளவு நேரம் விளையாடினாங்கன்னு காட்டும்." குனிந்து படித்தான். "அறுபத்தோராயிரத்து முந்நூத்து அறுபத்தெட்டு மணி நேரமாம்."

ஃபோனை எடுத்து வகுத்துப் பார்த்தான். ஏழு வருஷம். முடிந்த நேரம் என்று அதற்குக் கீழே போட்டிருந்தது... 12:14.

அவன் அப்போதும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலத்தின் இரண்டு ஓரங்களிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருபது பேர் இருக்கும். எல்லோரும் கடலைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி. எல்லோருக்கும் பழைய உடை. சாதாரணமாக இந்த கேமில் சும்மா நிற்கும் ஆள்கூடக் கையை ஆட்டும், தலையைச் சொறியும். இவர்கள் அசையவே இல்லை.

12:17. ஒருவன் திரும்பினான். அவன் தலைக்கு மேல் எழுத்துகள் வந்தன.

'வந்துட்டீங்களா அண்ணே?'

ஜிவான் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு 'ஆமா' என்று தட்டினான்.

'சிகரெட் பிடிக்கவா போனீங்க?'

'ஆமா.'

அலைச் சத்தம் மட்டும்...

'எங்க அண்ணனுக்கு இங்க சிகரெட்டே தேவைப்பட்டதில்ல.'

இருபது பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

'இது அவரு இல்ல.'

'சின்னப் பையன்.'

'அப்ப அவரு எங்க?'

'இவன் வெளியே தள்ளிட்டான்.'

'வெளியேன்னா... வீட்டுக்குத்தானே போவாரு.'

ஜிவான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "அக்கா, இவங்க யாரு?"

"எவனோ கிறுக்கனுங்க. மூடிட்டு வா."

12:22. வாசல் பக்கம் ஒரு சத்தம்.

பீப்.

ஒன்றே ஒன்று. எங்கள் கதவில் பாட்டரியில் ஓடும் எண் பூட்டு. நான்கு எண்களை அழுத்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பீப். நான்கும் சரியாக இருந்தால் ஒரு சின்ன இசையோடு திறக்கும். பாதியில் விட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு 'ட்டுர்ர்ர்' என்று அலுத்துக்கொள்ளும்.

பத்து நொடி. ட்டுர்ர்ர்.

"அம்மாவா?"

"அம்மா ஏழரைக்குத்தான்."

"அப்பா?"

"வந்தா ஃபோன் பண்ணாம வருவாரா?"

கூடத்தில் வாசல் கேமராவின் சின்னத் திரை இருக்கும். எட்டிப் பார்த்தேன். வெளியே திறந்த தாழ்வாரம், கம்பிக்கு அப்பால் பனி கொட்டுகிறது. யாருமில்லை. ஆனால் தாழ்வார விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது ஆள் அசைந்தால் மட்டுமே எரியும் விளக்கு.

12:26.

பீப்... பீப்.

ட்டுர்ர்ர்.

அறைக்கு ஓடி வந்தேன். ஜிவான் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

'ஏழு வருஷமாச்சே. யோசிச்சு யோசிச்சு அழுத்துறாரு.'

வாசல் பூட்டின் எண்ணை அம்மா வைத்தது ஜிவான் குழந்தையாக இருந்தபோது. இதுவரை மாற்றியதே இல்லை. சித்தப்பாவும் அதே எண்ணை அழுத்தித்தான் வீட்டுக்குள் வருவார்.

"ஜிவான், வெளியே வாடா. மூடு. இப்பவே மூடு."

"மூட மாட்டேங்குது அக்கா."

அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் அதே பெட்டி வந்தது.

'முந்தைய பயனருக்கு இடம் கிடைத்த பிறகே வெளியேற முடியும்.'

12:31.

பீப்... பீப்... பீப்.

ட்டுர்ர்ர்.

'பயப்படாதே தம்பி. அவரு நல்லவரு.'

'ஆனா ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்தான்.'

'அவரு எண்ணை நீ எடுத்துக்கிட்டே.'

'அவருக்கு ஒரு இடம் வேணும்ல?'

ஜிவான் என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். "நான் போக மாட்டேன் அக்கா. என்னை அனுப்பிடாதே அக்கா."

"எங்கயும் போக மாட்டே. நான் இருக்கேன்ல?"

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அணையவில்லை. மின்கம்பியை உருவப் பார்த்தேன். கனமான மேசைக்குப் பின்னால், சுவரோடு சுவராக, கை நுழையவில்லை. ஒரே வழிதான். வீட்டுக்கே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அந்த விசை இருப்பது வாசலில், செருப்பு அலமாரிக்கு மேலே, கதவுக்கு ஒரு முழம் தள்ளி.

"ஜிவான், சத்தமாப் பத்து எண்ணு. அதுக்குள்ள வந்துடுவேன்."

"போகாதே..."

"எண்ணுடா!"

"ஒண்ணு... ரெண்டு..."

ஓடினேன். அலமாரி மேல் ஏறினேன்.

"மூணு... நாலு..."

மூடியைத் திறந்தேன்.

"அஞ்சு... ஆறு..."

12:41. விசையை இறக்கினேன்.

இருட்டு.

"ஏழு..."

கதவில்...

பீப். பீப். பீப். பீப்.

இசை.

"எட்..."

எண்ணுவது நின்றுபோனது.

கதவு திறந்தது. பனிக்காற்று முகத்தில் அடித்தது. நான் சுவரோடு ஒண்டிக்கொண்டேன். கண்ணை இறுக்கி மூடினேன்.

ஏதோ என்னைக் கடந்து உள்ளே போனது. உயரம். சில்லென்று. பழைய சிகரெட் வாசனை.

பிறகு...

ஏதோ என்னைக் கடந்து வெளியே போனது.

சின்னது. வெதுவெதுப்பாக. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது... நழுவியது.

கதவு சாத்திக்கொண்டது.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பத்து."

விசையை ஏற்றிவிட்டு விழுந்தடித்து ஓடினேன். ஜிவான் நாற்காலியில் இருந்தான். திரை வெறும் கறுப்பு. என்னை நிமிர்ந்து பார்த்து, "முடிஞ்சுது அக்கா," என்றான். நான் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். கை இரண்டும் ஐஸ் மாதிரி இருந்தன. தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கப் பார்த்தேன். தம்பி பிழைத்துக்கொண்டான், அது போதும் என்று நினைத்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தது என்ன என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

காலையில் அம்மா வந்ததும், ராத்திரி யாரோ பூட்டில் எண்ணை அழுத்திப் பார்த்தார்கள் என்று மட்டும் சொன்னேன். கேமைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மா பயந்துபோய், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பூட்டின் எண்ணை மாற்றினாள். புது எண்ணை எங்கள் இருவரையும் மூன்று தரம் சொல்லச் சொன்னாள். ஜிவான் மதியம் வரை தூங்கினான். எழுந்து ஒரு கிண்ணம் ராம்யோன் நூடுல்ஸ் சாப்பிட்டான், வெங்காயத்தாளோடு. பாத்திரத்தைக் கழுவி வைத்தான். நாள் முழுக்க ஒரு முறைகூட என்னைப் பூசணி என்று சொல்லவில்லை. பயம் அவனைத் திருத்திவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அன்றிரவு 12:22.

பீப் பீப் பீப் பீப்.

இந்த முறை யோசிக்கவே இல்லை. கடகடவென்று நான்கும். பழைய எண் என்பதால் பூட்டு தவறு என்று கத்தியது. மறுபடி நான்கு. மறுபடி கத்தல். நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். என் அறை வாசலில் ஜிவான் நின்றுகொண்டிருந்தான்.

"திறக்காதே அக்கா."

"சித்தப்பாவா?"

"ஆமா. பதில் குடுக்கலேன்னா போயிடுவாரு."

போகவில்லை. 1:05 வரை நீடித்தது. அடுத்த இரவும் அதே 12:22. அதற்கடுத்த இரவும். வாசல் கேமராத் திரையில் பார்த்தால் வெறும் தாழ்வாரம், எரியும் விளக்கு. அம்மாவிடம் சொன்னால் வேலையை விட்டுவிடுவாள், அப்பா சம்பளம் மட்டும் போதாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு இரவும் ஜிவான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "திறக்காதே அக்கா," என்பான்.

ஆறாவது இரவு எனக்குப் பொறுக்கவில்லை. தம்பியைக் கொண்டுபோகத்தானே வருகிறாய் என்று ஆத்திரம் வந்துவிட்டது. கதவருகே போய் வாயை வைத்துக் கத்தினேன்.

"போயிடு! உனக்கு இங்க இடம் இல்ல. எங்களை விட்டுடு!"

பீப் சத்தம் உடனே நின்றது. 12:34.

ஏழாவது இரவு ஒரே ஒரு தடவை நான்கு எண்கள், மெதுவாக. அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள், ஜனவரி 19, வியாழக்கிழமை. மாலை நாலே கால் மணிக்குச் சமையல் குப்பையைக் கொட்டக் கீழே போனேன். வாட்ச்மேன் தாக் மாமா கூண்டிலிருந்து தலையை நீட்டினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏய், 907 பொண்ணு. இங்க வா. உங்க வீட்டுல என்ன கூத்து நடக்குது?"

"என்ன மாமா?"

"தம்பியை ராத்திரியில வெளியே நிக்க வெச்சு வேடிக்கை பாக்கறியா? இந்தப் பனியில? செருப்புகூட இல்லாம?"

எனக்குப் புரியவில்லை. அவர் கேமராத் திரையைத் தட்டினார். போன மாதம் சைக்கிள் திருட்டு நடந்ததிலிருந்து ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தின் கோடியில் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"நாலு நாளா பாக்கறேன். மேலே ஏறி வந்தா ஆளைக் காணோம். சரி, உள்ளே விட்டுட்டே போலன்னு இறங்கிடுவேன். நேத்து ஒழுங்காப் பாத்துட்டேன். ஏம்மா திறக்கல?"

நாலு நாளுக்கு முந்தைய இரவின் படத்தை ஓட்டினார். ஒலி கிடையாது. மூலையில் நேரம் மட்டும். 12:22. எங்கள் கதவு. அதன் முன்னால் ஜிவான், அந்தப் புதன்கிழமை போட்டிருந்த அதே பைஜாமாவில், வெறுங்காலோடு. பூட்டில் எண்களை அழுத்துகிறான். மறுபடி அழுத்துகிறான். கையை வாயில் வைத்து ஊதிக்கொள்கிறான். வாய் அசைகிறது. என்ன சொல்கிறான் என்று எனக்குக் கேட்க வேண்டியதில்லை.

"பதினோராம் தேதி ராத்திரி போடுங்க மாமா," என்றேன். என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

அந்த கேம் இரவு, 12:41. கதவு திறக்கிறது. உள்ளே யாரும் போகவில்லை. ஜிவான் மட்டும் வெளியே வருகிறான், யாரோ பிடித்துத் தள்ளியது போல. கதவு சாத்திக்கொள்கிறது.

தாக் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வேகமாக ஓட்டினார். "திரும்பி உள்ளே போனது எங்கயும் பதிவாகலயே," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஆறாவது இரவை நானே ஓட்டிப் பார்த்தேன். 12:34. கதவில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிறான். திடீரென்று முகம் மலர்கிறது. உள்ளே நான் கதவருகே வந்தது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த நொடி இரண்டடி பின்னால் போகிறான். பூட்டிலிருந்து கை இறங்குகிறது. அதற்குப் பிறகு வெகுநேரம் கதவைப் பார்த்தபடி சும்மா நிற்கிறான்.

மாடிக்கு எப்படி ஏறினேன் என்று தெரியாது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அடுத்த வாரம் வரும் சந்திரப் புத்தாண்டின் சூப்புக்காக அரிசி மாவுக் குழல்களை வட்டவட்டமாக அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவன், கத்தியோடு, அவளுக்கு உதவியாக.

"இன்னும் கொஞ்சம் மெல்லிசா அரியட்டுமா அண்ணி?"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "யாருடா உனக்கு அண்ணி? தூக்கத்துல உளர்றியா?"

அவன் தலையைத் தூக்கி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

அம்மா ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பிப் போனாள். நான் இரவு 12:10க்கு வாசல் கதவை விரியத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் இருக்க என் பள்ளிக்கூடப் பையை அண்டக் கொடுத்தேன். ஜிவானின் செருப்பை எடுத்து வெளியே வைத்தேன். போர்வையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

12:22. யாருமில்லை.

12:34. யாருமில்லை.

1:05...

எனக்குப் பின்னால் வந்து அவன் நின்றான்.

"குளிருது அக்கா. கதவைச் சாத்து."

நான் சாத்தவில்லை. தாழ்வார விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை. விடியும்வரை தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நான் போகச் சொன்னேன், அவன் போய்விட்டான்.